டீசல் டீச்சரின் டர்போ

சிங்கப்பூரில் ஓடிய அத்தனை டீசல் எஞ்சின்களும் ஒரு காலத்தில் ஒரே ஓர் ஆளுக்குத்தான் பயந்து ஓடின. அந்த ஆள் மெக்கானிக் இல்லை, டாக்ஸி டிரைவர் இல்லை, கப்பல் எஞ்சினியரும் இல்லை. தேக்காவுக்குப் பக்கத்தில் ஒரு தொடக்கப்பள்ளியில் ஆறாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த டீச்சர். உயரம் ஐந்தடிக்கு மேல் போகாது. கஞ்சி போட்ட காட்டன் சேலை, கறுப்புக் கைப்பை, மணிக்கட்டில் ஆண்கள் கட்டுகிற பெரிய கடிகாரம். அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று கண்டிப்பாக இருந்திருக்கும். அதைக் கேட்கும் தைரியம் எங்கள் வட்டாரத்தில் யாருக்கும் வரவில்லை. முதுகுக்குப் பின்னால் டீசல் டீச்சர், முகத்துக்கு முன்னால் வெறும் டீச்சர்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. ஜாலான் புசாரில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் நான் கவுண்டரில் நின்றேன். முதலாளி நாகூர்ப் பக்கத்துக்காரர், ஊருக்கெல்லாம் அவர் பாய். கடையின் பின்கதவைத் திறந்தால் சந்து. சந்தில் வேலுவின் பட்டறை. வேலு கழற்றுவான், நாங்கள் விற்போம், வேலு மாட்டுவான். மூன்று பேரும் நிம்மதியாகத்தான் இருந்தோம், டீச்சர் எங்கள் கடைப் படியில் கால் வைக்கும்வரை.

முதல் நாள் அவர் கேட்டது ஓர் ஆயில் ஃபில்டர். நான் பின்னால் கையை விட்டு ஒன்றை எடுத்துக் கவுண்டரில் வைத்தேன்.

"இது பொருந்துமா தம்பி?"

"நல்லாப் பொருந்துங்க."

"எதுக்கு?"

"உங்க காருக்கு."

"என் கார் என்ன கார்னு நீங்க கேக்கவே இல்லையே?"

அவர் கைப்பையைக் கவுண்டரில் வைத்துவிட்டு, வாய்ப்பாடு சொல்வதைப்போல ஆரம்பித்தார்.

"நாலு சிலிண்டர். ரெண்டாயிரத்து முந்நூறு சிசி. டர்போ டீசல். கம்ப்ரெஷன் இருபத்தொண்ணுக்கு ஒண்ணு. நிமிஷத்துக்கு நாலாயிரத்து இருநூறு சுத்துல எண்பது குதிரை. டர்போ மட்டும் தனியா நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுத்து சுத்தும். ஃபில்டரோட சேர்த்து ஆயில் அஞ்சரை லிட்டர். இப்பச் சொல்லுங்க, பொருந்துமா?"

கல்லாவில் உட்கார்ந்திருந்த பாய் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். எதற்கு எழுந்தோம் என்று அவருக்கே தெரியவில்லை. நான் கேட்லாக்கைப் புரட்டிப் பார்த்தேன். பொருந்தாது.

"என் கிளாஸ்ல இப்படிப் பதில் சொல்லியிருந்தா பெஞ்சு மேல நிக்கணும்" என்றார் டீச்சர். கடையில் பெஞ்சு இல்லாததால் தப்பித்தேன்.

ஒரு கணக்கு டீச்சருக்கு டர்போ டீசல் எதற்கு என்று நீங்கள் கேட்பீர்கள். அப்போது டீசல் கார் வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் டாக்ஸிக்காரர்கள்தான். பதில், அவருடைய தம்பி சூசை.

சூசை டீச்சரைவிடப் பதினேழு வயது இளையவன். தாய் தகப்பன் போன பிறகு அவனை வளர்த்து ஆளாக்கியது டீச்சர்தான். சின்ன வயதில் போலியோ வந்து வலது கால் சூம்பிப்போய், ஊன்றுகோலோடு நடப்பான். கையெழுத்தோ அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். எட்டு வருடம் வேலைக்கு அலைந்தான். விண்ணப்பத்தைப் பார்த்தவர்கள் உடனே கூப்பிடுவார்கள், ஊன்றுகோலைப் பார்த்தவுடன் பிறகு சொல்லி அனுப்புகிறோம் என்பார்கள். உட்கார்ந்து எழுதுகிற வேலைக்கு ஓடுகிற கால் எதற்கு என்று டீச்சர் நாலு கம்பெனிகளில் மேசையைத் தட்டிக் கேட்டிருக்கிறார். கடைசியில் கிராஞ்சியில் வெளிநாட்டுக்குச் செடி அனுப்புகிற ஒரு நர்சரியில் வேலை கிடைத்தது. செடிகளுக்குப் பெயர்ச்சீட்டு எழுத வேண்டும், ஆர்டர் புத்தகம் பார்க்க வேண்டும். வரும் ஜனவரியில் சேர வேண்டும், ஆறு மாதம் வேலையைப் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்றார்கள்.

கிராஞ்சிக்குப் பஸ் என்பது அந்தக் காலத்தில் நம்பிக்கை சம்பந்தப்பட்ட விஷயம். அங்கே வேலை செய்தவர்கள் லோரியின் பின்னால் ஏறி நின்றுகொண்டு போவார்கள். சூசையால் லோரியில் ஏற முடியாது. அக்காவும் தம்பியும் குடியிருந்தது புக்கிட் பாத்தோக்கில் புதிதாகக் கட்டிய ஓர் அடுக்குமாடியில். டீச்சர் ஓர் இரவு யோசித்தார், மறுநாள் காலை கார் ஓட்டப் பழகும் பள்ளியில் பெயர் கொடுத்துவிட்டார். வயது அப்போது நாற்பத்தைந்து. மூன்று தடவை டெஸ்ட்டில் தோற்றார். நான்காவது தடவை அவர் தேறவில்லை, டெஸ்ட் எடுத்த அதிகாரிதான் தோற்றுப்போனார் என்று வேலு சொல்வான்.

காரை விற்றவர் ஊர் திரும்பிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்கார எஞ்சினியர். என்ன கார் என்று சொன்னால் கம்பெனிக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள், வெளிநாட்டுக் கார் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். போகிறவர் சும்மா போகாமல், காரோடு சேர்த்து அறுநூறு பக்கத்தில் ஒரு வொர்க்‌ஷாப் மேனுவலையும் டீச்சர் கையில் கொடுத்துவிட்டு விமானம் ஏறினார். ஒரு மனிதர் எங்கள் மூன்று பேருக்கும் செய்யக்கூடாத காரியம் அது.

டீச்சர் அந்தப் புத்தகத்துக்குப் பழுப்புக் காகித அட்டை போட்டார். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை சிவப்பு மையில் கோடு போட்டுப் படித்தார். முந்நூற்றுச் சொச்சம் பக்கத்தில் கூட்டல் தப்பு ஒன்றைக் கண்டுபிடித்துக் கம்பெனிக்குக் கடிதம் போட்டதாகவும், கம்பெனியிலிருந்து மன்னிப்புக் கடிதம் வந்ததாகவும் பாய் சத்தியம் செய்வார். நான் கடிதத்தைப் பார்க்கவில்லை. ஆனால் நம்புகிறேன்.

மேனுவலில் இருந்த ஒரு வரி டீச்சரின் வாழ்க்கையையே மாற்றியது. டர்போ என்பது எஞ்சின் புகையால் சுற்றுகிற ஒரு சின்னக் காற்றாடி. எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணித்து, சின்ன எஞ்சினைப் பெரிய எஞ்சின் மாதிரி இழுக்க வைக்கும். அது நெருப்பாகக் கொதிக்கும். ஓடி வந்த சூட்டோடு சாவியைத் திருப்பி நிறுத்தினால், உள்ளே நிற்கிற ஆயில் கருகிக் கரியாகும். அந்தக் கரி பேரிங்கைத் தின்றுவிடும். ஆகவே நிறுத்துவதற்கு முன் இரண்டு நிமிடம் எஞ்சினைச் சும்மா ஓட விட வேண்டும். எல்லோரும் படித்துவிட்டு மறந்துபோகிற இந்த வரியை டீச்சர் வேதமாக எடுத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் வாசலில் காரை நிறுத்திவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பார். வெளியே டடக் டடக் என்று எஞ்சின் அடித்துக்கொண்டிருக்கும். அது அடங்கிய பிறகுதான் சாமியார் பூசையைத் தொடங்குவார் என்று கேள்வி.

பெட்ரோல் ஸ்டேஷனில்தான் வேடிக்கை. உள்ளே வந்தவுடன் எஞ்சினை நிறுத்து என்பது அவர்கள் சட்டம். இரண்டு நிமிடம் கழித்து நிறுத்து என்பது மேனுவலின் சட்டம். டீச்சர் இரண்டையும் மீற மாட்டார். சாலையோரத்தில் நிறுத்தி, இரண்டு நிமிடம் எண்ணி, சாவியைத் திருப்பிவிட்டு இறங்கி, போகிற வருகிற ஆண்களைக் கூப்பிடுவார். "கொஞ்சம் தள்ளுங்க." அந்தக் குரலுக்கு யார் மறுப்பது? பாதி சிராங்கூன் சாலை அந்தக் காரைத் தள்ளியிருக்கிறது. டீச்சர் பெட்ரோல் ஸ்டேஷனுக்குள் காரை ஓட்டிவந்து நான் பார்த்ததே இல்லை.

சத்தம் டாக்ஸிச் சத்தமாக இருந்ததால் இன்னொரு தொல்லையும் இருந்தது. தேக்கா மார்க்கெட் வாசலில் ஒருநாள் டீச்சர் இரண்டு நிமிடம் எண்ணிக்கொண்டிருந்தபோது, ஒரு பெரியவர் பின்கதவைத் திறந்து, இரண்டு பை காய்கறியோடு ஏறி உட்கார்ந்து, "தோ பாயோ போப்பா" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். டீச்சர் திரும்பிப் பார்த்தார். வயதானவர், வெயில் நேரம். சரி என்று கிளம்பிவிட்டார். வழியெல்லாம் சும்மா இருக்க முடியுமா? டைமிங் பெல்ட்டை எண்பதாயிரம் கிலோமீட்டரில் மாற்றாவிட்டால் என்ன ஆகும், பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் எப்படி முட்டிக்கொள்ளும் என்று விளக்கிக்கொண்டே போயிருக்கிறார். வண்டி அப்போதே வெடிக்கப்போகிறது என்று பெரியவர் நினைத்தாரோ என்னவோ, முதல் சிவப்பு விளக்கிலேயே இறங்கி ஓடிவிட்டார். ஒரு பையை விட்டுவிட்டுப் போனதால் டீச்சர் மறுநாளும் அதே நேரத்தில் அங்கே நின்று, ஆளைக் கண்டுபிடித்துக் கத்தரிக்காயை ஒப்படைத்தார்.

எங்களில் அதிகம் அவதிப்பட்டவன் வேலு. அவன் கைதேர்ந்த மெக்கானிக்தான், லோரி டாக்ஸி எல்லாம் அவன் கைபட்டால் ஓடும். ஆனால் படித்துத் தெரிந்துகொண்டவனில்லை. டீச்சர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அவனை நிற்க வைத்துத்தான் வேலை கொடுப்பார்.

"வேலு, எந்தச் சிலிண்டர் முதல்ல எரியும்? வரிசை சொல்லு."

"ஒண்ணு, ரெண்டு..."

"தப்பு."

"ஒண்ணு, மூணு, நாலு, ரெண்டு."

"கறுப்புப் புகை வந்தா?"

"டீசல் கூட, காத்து கம்மி."

"நீலப் புகை?"

"ஆயில் எரியுது."

"வெள்ளை?"

"தண்ணி உள்ள போகுது. ஹெட் கேஸ்கட் போயிருக்கும். டீச்சர், நான் ஒண்ணுக்குப் போய்ட்டு வந்துரட்டா?"

வேலை முடிந்தவுடன் பில்லின் ஓரத்தில் சிவப்பு மையில் மார்க் போடுவார். பத்துக்கு ஆறு. பத்துக்கு ஐந்தரை. ஒரு தடவை போல்ட்டைச் சரியான இறுக்கத்தில் முறுக்கவில்லை என்று 'திரும்பச் செய்' என்றே எழுதிவிட்டார். சந்து முனையில் அந்த எஞ்சின் சத்தம் கேட்டாலே வேலு ஏதாவது ஒரு லோரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வான். டீச்சர் வெளியே தெரிகிற அவன் செருப்பைப் பார்த்துக்கொண்டே பாடத்தை நடத்துவார்.

நாங்கள் சிரித்தோம்தான். ஆனால் ஒன்றை மறக்கவில்லை. ஆறு மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்பி, ஆறரைக்குச் சூசையைக் கிராஞ்சியில் இறக்கிவிட்டு, ஏழரை மணி அடிப்பதற்குள் டீச்சர் தேக்காவுக்கு வந்தாக வேண்டும். அந்தக் கணக்கில் எஞ்சின் மக்கர் பண்ண ஒரு நிமிடம்கூட மிச்சமில்லை.

சூசை வேலைக்குச் சேர்ந்த நான்காவது மாதம், ஒரு திங்கட்கிழமை, மக்கர் பண்ணியது.

காலையில் மேடு ஏறும்போது கார் இழுக்கவில்லை. ஆக்சிலேட்டரை மிதித்தால் வேகத்துக்குப் பதிலாகக் கறுப்புப் புகை வந்தது. பின்னால் வந்த பஸ்காரர் புகையில் வழி தெரியாமல் ஹாரனை அடித்துக்கொண்டு வந்தார். ஒரு சைக்கிள்காரர் மணியடித்து முந்திக்கொண்டு போனார். சூசை இருபது நிமிடம் தாமதம். செவ்வாய்க்கிழமை நாற்பது நிமிடம். ஏழரைக்கு விமான நிலையம் போகிற லோரியில் ஏற வேண்டிய செடிகள் பெயர்ச்சீட்டு இல்லாமல் நின்றன. நர்சரி முதலாளியான சீனர் கெட்டவரில்லை. இன்னொரு தடவை இப்படி ஆனால் வேறு ஆள் பார்த்துக்கொள்வேன் என்று மட்டும் சொல்லிவிட்டார். புதனும் வியாழனும் டாக்ஸி. இனி இந்தக் காட்டுக்குள் வர மாட்டேன் என்று டாக்ஸிக்காரரும் கையை விரித்துவிட்டார். வெள்ளிக்கிழமை பெரிய வெள்ளி, பொது விடுமுறை. நர்சரி திறக்காத சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு டீச்சரும் சூசையும் எங்கள் சந்துக்குள் வந்தார்கள். அவர்களுக்கு முன்னால் புகை வந்தது. எதிர்வீட்டு அம்மா காயப்போட்ட துணிகளை அள்ளிக்கொண்டு ஓடினார். அந்தப் புகைக்கு நடுவிலும் டீச்சர் இரண்டு நிமிடம் எண்ணிவிட்டுத்தான் நிறுத்தினார். நாங்கள் நின்று இருமினோம்.

வேலு பானெட்டைத் திறந்து, டர்போவிலிருந்து போகிற ஒரு ஹோஸைக் கழற்றி உள்ளே விரலை விட்டான். விரல் முழுக்க ஆயில்.

"டர்போ செத்துப்போச்சு டீச்சர். புதுசு வெளிநாட்டுல இருந்து வரணும். ஆறு வாரம் ஆகும் லா. இல்லாட்டிப் பழைய டாக்ஸி எஞ்சின் ஒண்ணு கெடக்கு, தூக்கி வச்சிரலாம். நாலு நாள்."

"திங்கக்கிழமை காலையில ஆறு மணிக்கு எனக்குக் கார் வேணும்."

"முடியாது டீச்சர்."

"முடியாதுன்னு எந்தப் பக்கத்துல போட்டிருக்கு? காட்டு."

வேலு பாயைப் பார்த்தான். பாய் வானத்தைப் பார்த்தார்.

"டர்போ செத்துச்சுன்னா ஏன் செத்துச்சு?" என்றார் டீச்சர். "காரணம் தெரியாம புதுசு போட்டா, அதுவும் சாகும். மொதல்லேருந்து பாப்போம்." முந்தானையை இடுப்பில் செருகினார், மேனுவலை ரேடியேட்டர் மேல் விரித்தார், சிவப்புப் பேனாவைக் காதில் செருகிக்கொண்டார். எட்டரை மணிக்குத் தொடங்கியது பரீட்சை.

ஆயில் தரையில் ஊன்றுகோல் வழுக்கும் என்று சூசையை முன்பக்கம் கடையில் உட்கார வைத்திருந்தோம். சும்மா இருக்கப் பிடிக்காமல், ஏதாவது எழுதக் கொடுங்கள் என்று கேட்டான். என் அலமாரிப் பெட்டிகளுக்கெல்லாம் பெயர் எழுதி ஒட்ட ஆரம்பித்தான். அப்படி ஓர் எழுத்தை எங்கள் அலமாரி கண்டதில்லை.

"நான் வேலைய விட்டுடறேன்னு சொன்னேண்ணே. அக்கா மூணு நாளா என்கூடப் பேசல."

"உனக்கு அந்த வேலை பிடிச்சிருக்கா?"

எழுதுவதை நிறுத்தாமலே சொன்னான். "நான் எங்கயும் போனதில்லண்ணே. நான் எழுதுன சீட்டு ஹாலந்து வரைக்கும் போயிருக்கு."

பின்பக்கம் போய்ப் பார்த்தேன். டீச்சர் ஒவ்வொன்றாகக் கேட்க, வேலு ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தான். டீசல் ஃபில்டரில் தண்ணீர் இல்லை. நாசில் நாலும் டீசலை ஒழுங்காகத் தூவின. பம்ப்பில் கசிவில்லை. ரேடியேட்டரைத் திறந்து வைத்து எஞ்சினை ஓட்டினார்கள், குமிழி வரவில்லை, அதனால் ஹெட் கேஸ்கட் நல்லது. பெல்ட் இருக்க வேண்டிய பல்லில் இருந்தது. மதியச் சாப்பாட்டு நேரம் போனது. பாய் வாங்கிவந்த பிரியாணிப் பொட்டலத்தை டீச்சர் திறக்கவே இல்லை.

மூன்று மணிக்கு டர்போவுக்கே வந்தார்கள். டீச்சர் இரண்டு விரலால் அதன் தண்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். மேலும் கீழும் ஆடவில்லை. சுண்டிவிட்டார். தட்டாமல் உரசாமல் சுற்றியது.

"வேலு, இது சாகல. நல்லாயிருக்கு."

"அப்ப ஆயில் எப்படி டீச்சர் வருது?"

டீச்சர் பக்கத்தைப் புரட்டி ஒரு வரியில் விரலை வைத்தார். "காத்து உறிஞ்சற பக்கம் அடைப்பு இருந்தா, டர்போ காத்துக்குப் பதிலா ஆயிலை உறிஞ்சும். காத்து கம்மியானா கறுப்புப் புகை. ரெண்டுக்கும் ஒரே காரணம்."

"ஏர் ஃபில்டரைப் பாத்துட்டோமே டீச்சர். புத்தம் புதுசு. போன மாசம்தான் நீங்களே மாத்துனீங்க."

"ஃபில்டருக்கு முன்னால என்ன இருக்கு?"

ஃபில்டர் பெட்டிக்கு முன்னால் ஒரு குழாய் இருக்கிறது. காரின் முகப்புக் கம்பிக்குப் பின்னாலிருந்து வெளிக்காற்றை வாங்கிக்கொண்டு வரும் அந்தக் குழாயை எந்த மெக்கானிக்கும் எட்டிப் பார்ப்பதில்லை. உள்ளே பார்க்க ஒன்றுமே இல்லை. வேலு அலுத்துக்கொண்டே கையை விட்டான். முழங்கைவரை போன கை அப்படியே நின்றது.

"அலாமாக்" என்றான். மலாயில் ஐயோ கடவுளே.

இழுத்தான். கசங்கிச் சுருண்ட ஒரு மார்க்கெட் பிளாஸ்டிக் பை வந்தது. காற்றுப் போகிற வழியை முக்கால்வாசி அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது அதுதான். பைக்குள் பின்னிய ஓலை ஒன்று, சிலுவை வடிவத்தில். கூடவே, நர்சரியில் செடித் தொட்டியில் குத்தி வைப்பார்களே, அந்த வெள்ளைச் சீட்டு ஒன்று. மழையில் நனையக் கூடாதென்று யாரோ அக்கறையாகப் பையில் சுற்றி, முகப்புக் கம்பிக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார்கள். டர்போ அதை ஒரே மூச்சில் உள்ளே இழுத்துவிட்டது.

"எவன் லா இந்த வேலையப் பாத்தது!" என்று வேலு கத்தினான். ஏழு மணி நேரம் குனிந்து நின்றவன் கத்தத்தானே செய்வான்.

டீச்சர் சீட்டை வாங்கினார். அவர் தோளுக்குப் பின்னாலிருந்து நானும் படித்துவிட்டேன். 'இயேசுவே, அக்காவின் கார் வழியில் நிற்காமல் ஓட வேண்டும். என் வேலைக்காக அல்ல, அக்காவுக்காக.' எழுத்து அச்சில் வார்த்த மாதிரி இருந்தது. காலையிலிருந்து என் அலமாரி முழுக்க அந்த எழுத்துதான்.

எந்தத் தாளையும் இரண்டு தடவை திருத்துகிற டீச்சர் அதை ஒரு தடவைதான் படித்தார். "போன ஞாயித்துக்கிழமை கோயில்ல குடுத்த குருத்தோலை" என்றார் மெதுவாக. "வீட்டுக்குக் காவலா வச்சுக்குவோம்." வேலு சட்டென்று கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு ஓலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். பாய் உள்ளே போய் ஒரு புது வெள்ளைத்தாள் எடுத்துவந்து அதைப் பொதிந்து கொடுத்தார். டீச்சர் பொட்டலத்தைக் கைப்பையில் வைத்துப் பூட்டினார்.

குழாயை மாட்டி எஞ்சினைக் கிளப்பினோம். கொஞ்ச நேரம் பழைய ஆயில் எரிந்தது. அப்புறம் புகை அடங்கிவிட்டது. எதிர்வீட்டு அம்மா துணிகளை மறுபடியும் காயப்போட்டார். டீச்சர் ஆக்சிலேட்டரை மிதிக்க, டர்போ விசில் அடித்தது. நான்கு மாதத்தில் முதல் தடவையாக வேலு அந்தக் காரைப் பார்த்துச் சிரித்தான்.

கையெல்லாம் கரியோடு டீச்சர் கடைக்குள் வந்தார். சூசை ஊன்றுகோலைப் பிடித்து எழுந்தான்.

"என்னவாம்கா?"

"ஏர் ஃபில்டர்தான். போன மாசமே மாத்தியிருக்கணும். மறந்துட்டேன்."

சூசை வாயைப் பிளந்தான். "நீயாக்கா மறந்த?"

"ஏன், நான் மறக்கக் கூடாதா? என் தப்புதான்."

வேலுவுக்குப் பொறுக்கவில்லை. தொழில் மானம் என்று ஒன்று இருக்கிறதே. "டீச்சர், அந்த ஃபில்டர் புத்தம் புது..."

"வேலு" என்றார் பாய். "போய் அஞ்சு கோப்பி வாங்கிட்டு வா."

"இப்பவா?"

"இப்பத்தான்."

வேலு போனான். டீச்சர் என் பக்கம் திரும்பினார். "தம்பி, ஒரு ஏர் ஃபில்டர் குடுங்க." நானும் தேவையே இல்லாத ஒரு ஃபில்டரை எடுத்து, முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு பில் போட்டேன். சூசை சிரிக்க ஆரம்பித்தான். அக்காவும் தப்புச் செய்வாள் என்பதில் அவனுக்கு அத்தனை சந்தோஷம். நாலு நாளாக நான் எவ்வளவு பயந்துவிட்டேன் தெரியுமா என்று என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

புது ஃபில்டரைக் காரில் வைக்க நான் போனபோது டீச்சர் தனியாக நின்றார். என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"சொல்லியிருக்கலாமே டீச்சர். நீங்க திட்டுனா அவன் தாங்கிக்க மாட்டானா?"

டீச்சர் பானெட்டை மூடினார். "திட்டுனா ரெண்டு நாள்ல மறந்துருவான் தம்பி. இதச் சொன்னா, இனிமே எனக்காக எதையும் வேண்டிக்க மாட்டான்."

எனக்குக் கோயில், சாமி என்று பெரிய பழக்கம் கிடையாது. ஆனாலும் அந்தத் திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு என் அறையில் எழுந்து உட்கார்ந்து, ரெண்டாயிரத்து முந்நூறு சிசி எஞ்சின் ஒன்றுக்காகக் கண்ணை மூடி வேண்டிக்கொண்டேன். யாரை வேண்டிக்கொண்டேன் என்று எனக்கே தெளிவாகத் தெரியாது. எட்டு மணிக்குக் கடையைத் திறந்தபோது போன் அடித்துக்கொண்டிருந்தது. சூசைதான். "அண்ணே, ஆறு இருபதுக்கே வந்துட்டேன். கேட்டே தெறக்கல. லோரியும் கெளம்பிப் போயிருச்சு, எல்லாச் சீட்டும் எழுதிட்டேன்." நான் பாயிடம் சொன்னேன். பாய் ஏற்கெனவே சுத்தமாக இருந்த கண்ணாடிக் கவுண்டரை ரொம்ப நேரம் துடைத்தார்.

டீச்சர் நன்றாக இருக்க வேண்டும் என்று அன்றைக்கு மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். இந்த வயதிலும் நான் வேண்டிக்கொள்வது அந்த ஒன்றைத்தான்.